மாற்றாளுக்கு ஒரு மாற்றாள்

பன்னிரண்டு வருடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்குக் கோபம் வராது என்று யாராவது நினைத்தால், அவர்கள் அப்படி உட்கார்ந்து பார்த்ததில்லை என்று அர்த்தம். எனக்கு வரும். நன்றாகவே வரும். ஆனால் ஆறடி மூன்று அங்குலம் இருக்கிறவன் கோபப்பட்டால் பார்க்கிறவர்கள் பயந்துவிடுகிறார்கள். அதனால் அடக்கி அடக்கிப் பழகிவிட்டேன்.

என் பெயர் சுடலைராஜ். கோவில்பட்டியில் ஒரு நூல் மில்லில், நூல் சுற்றிய கோன்களைப் பேக் செய்கிற பகுதியில் வேலை. வேலை கொடுத்தது என் படிப்புக்காக அல்ல, உயரத்துக்காக. மில்லுக்கு ஒரு கூடைப்பந்து அணி உண்டு. காலையில் ஷிப்ட், சாயங்காலம் சிமெண்டுத் தரையில் பயிற்சி, ஊர் ஊராகப் போட்டி. நான் சென்டர். அதாவது கூடைக்குக் கீழே நின்று, உள்ளே விழாமல் திரும்பி வருகிற பந்தைப் பிடிக்கிற நெட்டை ஆள். ஆனால் முதல் சென்டர் இல்லை. இரண்டாவது. முதல் சென்டர் லிங்கராஜ், என்னைவிட இரண்டு அங்குலம் உயரம், ஐந்து வயது இளமை. அவனுக்கு மூச்சு வாங்கினாலோ, ஐந்து ஃபவுல் ஆகி வெளியே அனுப்பப்பட்டாலோ நான் இறங்க வேண்டும். மற்ற நேரமெல்லாம் பெஞ்ச். பதினைந்தாம் நம்பர் பனியன். நாலாம் நம்பரில் தொடங்கிப் பதினைந்தோடு பனியன் முடிந்துவிடும். அதற்கப்புறம் தண்ணீர்க் குடம்தான்.

என் மனைவி காளீஸ்வரி தீப்பெட்டி ஆபீசில் கட்டை அடுக்குகிறாள், அதாவது தீக்குச்சிகளைச் சட்டத்தில் செருகுகிற வேலை. ஆபீஸ் என்றால் மேஜை நாற்காலி இல்லை, தீப்பெட்டித் தொழிற்சாலையைத்தான் எங்கள் ஊரில் அப்படிச் சொல்வோம். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு மேட்சுக்கு வந்தாள். அதற்கப்புறம் கூப்பிட்டால், "நீங்க உக்காந்திருக்கத நான் வீட்டுலயே பாக்கேனே, அதுக்கு எதுக்கு மைதானம் வரைக்கும்?" என்பாள்.

தொண்ணூற்றேழாம் வருடம், வைகாசி மாதம். தை மாதம் தொடங்குகிற போட்டிகளெல்லாம் முடிந்து, கடைசியாக எங்கள் மில் மைதானத்திலேயே நடக்கிற கோப்பை ஒன்றுதான் பாக்கி. சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பன்னிரண்டு பேர் பட்டியலைக் கொடுத்துவிட வேண்டும். திங்கட்கிழமை எங்கள் கோச் பூவனநாதன் சார் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். மில்லில் லேபர் வெல்பேர் ஆபீசரும் அவர்தான். சுற்றிலும் நாலைந்து கிளார்க்குகள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

"ஏலே சுடல, நெட்டையா ஒரு மாத்தாளு வேணும். இந்தக் கோப்பைக்கு மட்டும் கெஸ்டா சேத்துக்கிடலாம். புதூர்ல ஒருத்தன், வெளாத்திகொளத்துல ஒருத்தன் இருக்கானாம். நீ போய்ப் பாத்து எழுதிட்டு வா."

"நானா சார்?"

"பின்ன? மாத்தாளு வேலை என்னன்னு ஒனக்குத் தெரியுத மாதிரி இந்த ஊர்ல எவனுக்குத் தெரியும்?"

பாராட்டா, குத்தலா என்று பிடிபடவில்லை. "லிங்கராஜ் எங்க சார்? ரெண்டு நாளா ஆளைக் காணோம்."

"ஊர்ல கோயில் கொடையாம். போயிருக்கான்" என்று சொல்லிவிட்டு மேஜை மேலிருந்த பேப்பரை நேராக்கினார். அது ஏற்கெனவே நேராகத்தான் இருந்தது.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று விரல் விட்டு எண்ணினேன். பட்டியலில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டும் நிரம்பியிருக்கிறது. புதிதாக ஒருத்தன் வந்தால் ஒருத்தன் போக வேண்டும். நெட்டை ஆள் வந்தால் நெட்டை ஆள்தான் போவான். லிங்கராஜ் போக மாட்டான். திரும்பத் திரும்ப எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் விரல் என்னிடமே வந்து நின்றது. முப்பத்தேழு வயதாகிறது, போதும் என்று நினைத்துவிட்டார் மனுஷன். சரி, நினைக்கட்டும். ஆனால் என் இடத்துக்கு வரப்போகிறவனை நானே போய்ப் பார்த்து, நானே எழுதி, நானே கூட்டிக்கொண்டு வர வேண்டுமாம். எனக்கு வந்த கோபத்தில் வேப்பமரத்தைப் பிடுங்கியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால் அந்தப் பதினைந்தாம் நம்பர் பனியனைத் தவிர எனக்கென்று பெருமையாகச் சொல்லிக்கொள்ள ஒன்றும் கிடையாது. பெஞ்சில் உட்கார்ந்தாலும் அது என் பெஞ்ச். சொந்த ஊரில், சொந்த மைதானத்தில், லைட்டு போட்டு நடக்கிற போட்டியில் அந்தப் பெஞ்சில் இல்லாமல் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கடலைமிட்டாய் தின்றுகொண்டு பார்க்க என்னால் முடியாது.

ஆனாலும் புதன்கிழமை லீவு போட்டுவிட்டுப் புதூருக்கு பஸ் ஏறினேன்.

புதூர்க்காரன் பெயர் குருசாமி. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை, அங்கே ஒரு கிளப்பில் ஆடுகிறானாம். இருபத்துநாலு வயது, ஆறடி ஐந்து அங்குலம். லீவில் அத்தை சொர்ணத்தாய் வீட்டுக்கு வந்திருந்தான். நான் வெள்ளைச் சட்டையும் கையில் ஒரு சீப்பு வாழைப்பழமுமாகப் போய் நின்று, பையனைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று சொன்னது தப்பாகப் போய்விட்டது. அந்தம்மா பாயை விரித்து, காபி கொடுத்து, "பொண்ணு என்ன படிச்சிருக்கு? ஒங்க உயரம்தானா?" என்று கேட்டாள். பொண்ணு இல்லை, பந்து என்று புரியவைப்பதற்குள் இரண்டாவது காபியும் வந்துவிட்டது.

பையன் எம்பினால் வேப்பங்கிளையின் உச்சியைத் தொட்டான். இவனிடம் பனியன் போனால் போனதுதான். ஆனால் மாற்றாள் வேலை எம்புகிற வேலை இல்லை. அது உட்காருகிற வேலை. முக்கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், ஆனால் உடம்பு சூடாக இருக்க வேண்டும். ஷூ நாடாவை அவிழ்த்து விட்டுவிடக் கூடாது. கண் பந்தை விட்டு அகலக் கூடாது. கூப்பிட்டால் எழுந்துபோய் நாலு நிமிஷம் அணையைக் காப்பது போலக் காத்துவிட்டு, மறுபடியும் கூப்பிட்டால் முகம் கோணாமல் வந்து உட்கார வேண்டும். இதெல்லாம் வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

அதனால் குருசாமியை டீக்கடைப் பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார வைத்தேன். கால் மணி நேரத்தில் ஒன்பது தடவை எழுந்தான். துப்புவதற்கு ஒரு தடவை, பஸ் வருகிறதா என்று பார்க்க மூன்று தடவை, நின்ற பஸ்ஸின் கண்ணாடியில் தலை சீவ ஒரு தடவை. மற்றதெல்லாம் காரணமே இல்லாமல். நடுநடுவே, "அண்ணாச்சி, என்னைய எப்ப எறக்குவீங்க? மொதல்லயே எறக்கிருவீங்கள்லா?" என்று வேறு கேட்டான். நான் பாக்கெட்டிலிருந்து தாளை எடுத்து, "குருசாமி. உயரம், பாய்ச்சல் நன்று. உட்கார வராது" என்று எழுதினேன். நேர்மையாக எழுதினேன். சந்தோஷமாகவும் எழுதினேன்.

வியாழக்கிழமை ராத்திரி நல்ல கோடை மழை. வெள்ளிக்கிழமை காலையில் விளாத்திகுளம் போய் இறங்கினேன்.

இரண்டாவது ஆள் ஹிதாயத்துல்லா. கடைத்தெருவில் பாத்திரக்கடை. முப்பத்து மூன்று வயது, ஆறடி ஆறு அங்குலம். பாளையங்கோட்டையில் படிக்கும்போது கல்லூரி அணியில் ஆடியவர். உடனே கடைக்குள் போகாமல் எதிர் டீக்கடையில் உட்கார்ந்து வேவு பார்த்தேன். கல்யாணச் சீருக்கு எவர்சில்வர் குடம் வாங்க இரண்டு பெண்கள் வந்திருந்தார்கள். உச்சித் தட்டில் இருக்கிற குடத்தைக் காட்டி எடு என்பதும், எடுத்துக் கொடுத்தால் பக்கத்துக் குடத்தைக் காட்டுவதுமாக ஒரு கடைக்காரனைப் படுத்துகிற பாடெல்லாம் படுத்தினார்கள். அந்த மனிதர் ஏணி போடாமல், நின்ற இடத்தில் நின்றபடியே எட்டி எடுத்துக் கொடுத்தார். பதினேழு குடம். கடைசியில் முதலாவது குடத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் ஒரு பெருமூச்சுகூட விடவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அடுத்த ஆள் வருகிறதா என்று தெருவைப் பார்த்தார். முக்கால் மணி நேரம் பார்த்தேன். வேலை இல்லாமல் ஒரு தடவைகூட எழவில்லை. மேஜைக்குக் கீழே அவர் காலில் கேன்வாஸ் ஷூ, நாடா இறுக்கிக் கட்டியபடி.

என் டீ ஆறிப்போயிருந்தது. இந்த ஆள் பெஞ்சுக்கென்றே பிறந்தவர்.

உள்ளே போய் விஷயத்தைச் சொன்னேன். கணக்கு நோட்டோடு உட்கார்ந்திருந்த அவர் மனைவி மெஹராஜ் பேகம் முந்திக்கொண்டார். "பந்துன்னா அவியளுக்கு உசுரு அண்ணாச்சி. சாயங்காலம் ஸ்கூல் பையங்க கூடப் போயி ஆடிட்டு வருவாவ. நெசமான ஆட்டம் ஆடி எட்டு வருசமாச்சு."

ஹிதாயத்துல்லா ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "எத்தன நிமிசம் எறங்கணும் அண்ணாச்சி?"

"சொல்ல முடியாது பாய். எறங்காமலே போனாலும் போகும். பெஞ்சுலயேதான் உக்காந்திருக்கணும்" என்றேன். பயப்படட்டும் என்றுதான் சொன்னேன்.

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அது போதும் அண்ணாச்சி. ஒரு டீமோட சேந்து உக்காந்தே எட்டு வருசமாச்சு."

எனக்குச் சுருக்கென்றது. அந்த இடத்திலேயே, 'சரி பாய், நீங்கதான் ஆள்' என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பதினைந்தாம் நம்பர் பனியன் கண்ணுக்கு முன்னால் கொடியில் தொங்குவது போல ஆடியது. "ஆடிக் காட்டுங்க, பாப்போம்" என்றேன்.

"நூலகத்துக்குப் பின்னால சிமெண்டுத் தரை இருக்கு. அங்கன போவமா?"

"வேண்டாம். நீங்க தெனம் ஆடுத எடத்துலயே பாக்கணும்."

அவர் தினம் ஆடுவது பள்ளிக்கூட மைதானம். சுத்தமான கரிசல் மண். முந்தின நாள் ராத்திரி மழை. இதை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மழை பெய்த மறுநாள் கரிசலில் கால் வைத்தால், முதல் எட்டில் ஒரு விரல் கனத்துக்கு மண் ஒட்டும். பத்தாவது எட்டில் ஒவ்வொரு காலிலும் அம்மிக்கல்லைக் கட்டிக்கொண்டு நடப்பது போல இருக்கும். மாடே நடக்க யோசிக்கும். அதில் ஒருவரை ஓடவும் எம்பவும் சொல்லி, ஓடவில்லை எம்பவில்லை என்று எழுதிவிட்டால் முடிந்தது காரியம். நான் செய்தது அயோக்கியத்தனம். செய்யும்போதே தெரியும்.

மைதானத்தில் ஒரே ஒரு கம்பம், அதில் துருப்பிடித்த வளையம். ஹிதாயத்துல்லா வேட்டியை மாற்றி டிராயரோடு வந்தார். ஓரத்திலிருந்த கல்லில் கால் வைத்து, அடுத்த கல்லுக்குத் தாண்டி, கம்பத்துக்குக் கீழே போய் நின்றுகொண்டார். நின்றவர் நின்றவர்தான்.

"ஓடுங்க பாய்" என்றேன்.

"எதுக்கு அண்ணாச்சி? நான் ஓடுதேன்னு பந்து எனக்காகக் காத்துக்கிட்டு நிக்கப் போவுதா? அது விழுத எடத்துல நின்னாப் பத்தாதா? நீங்க எறிங்க."

எறிந்தேன். வளையத்தில் பட்டுத் தெறித்தது. அவர் அரை எட்டு நகர்ந்து கையை நீட்டினார். பந்து கைக்குள் போய் உட்கார்ந்தது. சரி, குருட்டு அதிர்ஷ்டம் என்று இடது பக்கம் போய் எறிந்தேன். பிடித்தார். வலது பக்கம் போனேன். பிடித்தார். தூரத்திலிருந்து, கிட்டத்திலிருந்து, பலகையில் அடித்து, வளையத்தின் ஓரத்தில் அடித்து, எப்படி எறிந்தாலும் பந்து அவரைத் தேடிக்கொண்டு போனது. அவர் கால் ஒரு எட்டு, மிஞ்சினால் இரண்டு எட்டு. ஓடி ஓடி எறிந்தவன் நான். அம்மிக்கல் கட்டிக்கொண்டவனும் நான். எத்தனையாவது எறியோ தெரியாது, காலைத் தூக்கினேன், கால் மட்டும் வந்தது, ஷூ வரவில்லை. ஆறடி மூன்று அங்குலமும் அப்படியே சகதியில் நீட்டி விழுந்தது.

ஹிதாயத்துல்லா கல் கல்லாகத் தாண்டி வந்து என்னைத் தூக்கி நிறுத்தினார். ஷூவையும் பிடுங்கிக் கொடுத்தார். சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் அவமானமாக இருந்தது.

"பந்து எங்கன விழும்னு எப்பிடி பாய் தெரியுது?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பத்து வருசமா உச்சித் தட்டுல அடுக்கி வச்ச பாத்திரத்துக்குக் கீழதான நிக்கேன்? எது எந்தப் பக்கம் சரியும்னு பாத்துக்கிட்டே இருக்கணும்லா அண்ணாச்சி."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எழுதினேன்: "ஹிதாயத்துல்லா. உயரம் நன்று. மழையால் தரை ஈரம், ஆளைச் சரியாகப் பார்க்க முடியவில்லை. ஓடவில்லை." ஒவ்வொரு வார்த்தையும் சத்தியம். மொத்தமும் பொய். எட்டயபுரம் தாண்டும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வீட்டு வாசலில் ஷூவைக் கழற்றிப் போட்டேன். காளீஸ்வரி வெளியே வந்தாள். ஷூவைப் பார்த்தாள். என் சட்டையைப் பார்த்தாள். உடைந்த சிரட்டையை எடுத்துக்கொண்டு மண்ணைச் சுரண்ட உட்கார்ந்தாள்.

"வெளாத்திகொளத்துப் பக்கம் நல்ல மழைன்னு ஆபீஸ்ல சொன்னாவ. ஆட்டம் கரிசல்லயா?"

"ம்."

"அங்கன சிமெண்டுத் தரை கெடையாதா?"

"இருக்கு."

"அப்பம் கரிசல்ல ஆடச் சொன்னது யாரு? அந்தப் பாயா?"

நான் சட்டையைக் கழற்றத் தொடங்கினேன். சுரண்டுகிற சத்தம் நின்றது.

"நீங்களா? எதுக்கு?" அப்புறம் அவளே புரிந்துகொண்டாள். இந்த மண்ணில் பிறந்தவளுக்கு அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. "அந்த மனுசன் விழுந்துட்டாரா?"

"நான்தான் விழுந்தேன்."

அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு சுப்புத்தாய் எட்டிப் பார்த்தாள். சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. துடைத்துக்கொண்டு, மறுபடியும் மண்ணைச் சுரண்டியபடி, என்னைப் பார்க்காமலே சொன்னாள். "ஒங்கள உக்காந்திருக்கவருன்னு எத்தனையோ தடவ கேலி பண்ணியிருக்கேன். களவாணின்னு பண்ணினதில்ல."

அன்று ராத்திரி பாக்கெட்டிலிருந்த தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். புதுத் தாளில் எழுதினேன். "ஹிதாயத்துல்லா. இந்த அளவுக்குப் பந்து விழும் இடம் தெரிந்த ஆளை நான் பார்த்ததில்லை. உட்காரவும் வரும், எழவும் வரும். கரிசலில் ஆடவிட்டது என் தப்பு. எனக்குப் பதில் இவரைப் போடலாம்." கடைசி வரியை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. எழுதிவிட்டேன். அழுகை வருகிற மாதிரியும் இருந்தது, பாரம் இறங்கின மாதிரியும் இருந்தது.

சனிக்கிழமை நாலு மணிக்குப் பூவனநாதன் சார் முன்னால் இரண்டு தாள்களையும் வைத்தேன். குருசாமி தாளைப் படித்துச் சிரித்தார். "உட்கார வராது! நல்லா எழுதியிருக்கலே." அடுத்த தாளைப் படித்தார். முகம் மாறியது. கிளார்க்குகளை வெளியே அனுப்பிவிட்டு, எழுந்துபோய் அறைக்கதவைச் சாத்தினார்.

"என்னலே இது, கடைசியில? ஒனக்குப் பதிலாவா? ஒனக்குப் பதிலா ஆளு வேணும்னு எவன் கேட்டான்?"

"பட்டியல் நெறஞ்சிருக்கே சார். நான்தான போகணும்?"

"லிங்கராஜ்லே போறான்! கொடைக்குப் போனான்னு சொன்னது சும்மா. போன சனிக்கெழம கெணத்துல குதிச்சிருக்கான், கணுக்கால் எலும்பு போச்சு. கட்டுப் போட்டு அவன் அக்கா வீட்டுல கெடக்கான். கிளார்க்கு முன்னால சொன்னா என்ன ஆவும்? டீக்கடைக்குப் போயி, அங்கேருந்து மணியாச்சி தாண்டி, சாயங்காலத்துக்குள்ள தூத்துக்குடி டீமுக்குத் தெரிஞ்சிரும். ஞாயித்துக்கெழம மொத மேட்ச்சே அவங்க கூடத்தான்."

எனக்கு ஒன்றும் ஓடவில்லை. "அப்பம் சென்டர்ல யாரு சார் ஆடுவா?"

"ஏன், நீ என்ன காசிக்கா போறே? நீதாம்லே. ஒனக்கு ஒரு மாத்தாளு வேண்டாமா? ஒனக்கு வேண்டிய ஆளை நீயே பாத்துக்கிடட்டும்னுதான் ஒன்னைய அனுப்பினேன்."

நாற்காலி இருந்தது நல்லதாகப் போயிற்று. உட்கார்ந்துவிட்டேன். பன்னிரண்டு வருடம் கழித்து முதல் ஆளாக இறங்கப் போகிறேன் என்கிற சந்தோஷம் ஒரு பக்கம். நேற்று பஸ்ஸில் எழுதிய தாளைக் கொண்டுவந்து கொடுத்திருந்தால், முப்பத்தேழு வயதில் மாற்ற ஆளே இல்லாமல் நாற்பது நிமிஷமும் நான் ஒருத்தனே ஓடிச் செத்திருப்பேன் என்கிற நினைப்பு இன்னொரு பக்கம். என்னை அறியாமல் சிரித்துவிட்டேன். அடுப்பைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

கடைசி வரியைப் பூவனநாதன் சார் பேனாவால் அடித்தார். பட்டியலில் லிங்கராஜ் பெயரை அடித்து ஹிதாயத்துல்லா பெயரை எழுதினார். என்னை ஒரு பார்வை பார்த்தார். "கரிசல்ல ஆடவிட்டியா? பாவி."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். வீட்டில் நான் எதுவும் சொல்லவில்லை, "இன்னிக்கு வந்து பாரு" என்று மட்டும் சொல்லியிருந்தேன். என்ன நினைத்தாளோ, தீப்பெட்டி ஆபீஸ் சேக்காளிகள் ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து காளீஸ்வரி முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ஐந்து பேர் பெயரை மைக்கில் வாசித்தார்கள். கடைசியாகப் பதினைந்தாம் நம்பர் சுடலைராஜ். நான் வெள்ளைக் கோட்டுக்குள் நடந்தேன். பார்த்தேன். அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருந்தாள். அழுகிறாளா சிரிக்கிறாளா தெரியவில்லை. இரண்டும் என்று அப்புறம் சொன்னாள்.

ஆடினேன். எட்டுப் பாயிண்ட் போட்டேன். பிடித்ததைவிட விட்டது அதிகம் என்று யாராவது சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன். முதல் இருபது நிமிஷம் முடிவதற்குள் மூன்று ஃபவுல். இடைவேளைக்கு அப்புறம் நாலாவது. கால் இரண்டும் கரிசலில் நின்ற மாதிரியே கனத்தது. ஆட்டம் முடிய ஒன்பது நிமிஷம் இருக்கும்போது, தூத்துக்குடி ஏழாம் நம்பர் பையன் எம்பியபோது அவன் கையோடு சேர்த்து அடித்துவிட்டேன். ஐந்து. வெளியே போ என்று விசில். நாங்கள் ஒரே ஒரு பாயிண்ட் முன்னால்.

நான் வெளியேறினால் பெஞ்சில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். அங்கேதானே பன்னிரண்டு வருடம் இருந்தேன். ஹிதாயத்துல்லா எழுந்து நின்றிருந்தார். நாடா கட்டியபடி இருந்தது. நெற்றியில் லேசாக வியர்வை. உட்கார்ந்தபடியே உடம்பைச் சூடாக வைத்திருக்கிறார் மனுஷன்.

"பாய், அந்த ஏழாம் நம்பர்காரன்..." என்று தொடங்கினேன், மூச்சு வாங்கியது.

"தப்பினா வலது பக்கந்தான் விழுது. பாத்துக்கிட்டுதான் இருக்கேன் அண்ணாச்சி. ஒங்களுக்கு நாலாவது ஃபவுல் விழுந்ததுலேருந்து தயாராத்தான் இருந்தேன். ஆனா நீங்க வெளிய வந்துரக் கூடாதுன்னு துவாவும் கேட்டுக்கிட்டே இருந்தேன்."

சொல்லிவிட்டு உள்ளே போனார். நான் துண்டை முகத்தில் வைத்துக்கொண்டேன். பன்னிரண்டு வருடம் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்தேன். லிங்கராஜுக்கு அடுத்த ஃபவுல் விழ வேண்டும் என்று. ஒவ்வொரு மேட்சிலும்.

முன்வரிசையிலிருந்து காளீஸ்வரியின் குரல் கேட்டது. "ஏங்க, இன்னைக்கும் உக்காந்துட்டீங்களா!" ஆபீஸ் பெண்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் துண்டுக்குள் சிரித்தேன்.

ஹிதாயத்துல்லா ஒன்பது நிமிஷத்தில் ஒரு பாயிண்டுகூடப் போடவில்லை. போடப் பார்க்கவும் இல்லை. கூடைக்குக் கீழே நின்றார். அரை எட்டு இந்தப் பக்கம், ஒரு எட்டு அந்தப் பக்கம். மற்றவர்கள் எறிந்து தப்பியதையெல்லாம் உச்சித் தட்டிலிருந்து இறக்குவது போல இறக்கிக் கொடுத்தார். கடைசி ஆறு விநாடி. நாங்கள் அதே ஒரு பாயிண்ட் முன்னால். பந்து அந்த ஏழாம் நம்பர் பையன் கையில். எறிந்தான். வளையத்தில் ஒரு சுற்றுச் சுற்றியது. இடது பக்கம் எல்லாரும் கூட்டமாக எம்பினார்கள். எங்கள் ஆட்களும்தான். ஹிதாயத்துல்லா மட்டும் எம்பவில்லை. வலது பக்கம் இரண்டு எட்டு வைத்து, யாருமே இல்லாத இடத்தில் கையை நீட்டிக்கொண்டு நின்றார். பந்து விளிம்பில் யோசித்துவிட்டு, வலது பக்கம் அவர் கைக்குள் சரிந்தது.

விசில் ஊதுவதற்குள் நான் கோட்டுக்குள் பாதி தூரம் போய்விட்டேன். என்ன கத்தினேன் என்று தெரியவில்லை, பாய் பாய் என்று கத்தினதாகச் சொல்கிறார்கள். பூவனநாதன் சார் ஓடி வந்து பனியனைப் பிடித்து இழுத்தார். "ஏலே, இன்னும் ஒரு விநாடி இருக்குலே! ரெஃபரி பெஞ்சுக்கு ஃபவுல் குடுத்துறப் போறான். பன்னெண்டு வருசம் உக்காந்தவனுக்கு இன்னைக்குப் பாத்தா உட்கார வராது!"

வரவில்லை. அந்த ஒரு விநாடி முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தேன்.